நாத்தனாரும் நானும் திராட்சை மிதித்தோம்

இருபத்தாறு வருடங்களாக நான் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் எடுக்கிறேன். சர்க்கரை எப்படி ஆல்கஹாலாக மாறுகிறது என்பதை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இடது பக்கம் சர்க்கரை, நடுவில் அம்புக்குறி, அம்புக்குறிக்கு மேலே ஈஸ்ட். வலது பக்கம் எழுதும் பொருளை மட்டும் ஐம்பத்திரண்டாவது வயது வரை நான் வாயில் வைத்ததில்லை. வைக்க வேண்டும் என்று ஏங்கியதும் இல்லை. யாராவது கேட்டால், கந்தக அமிலத்தைப் பற்றியும்தான் பாடம் எடுக்கிறேன், அதையா குடித்துப் பார்க்கிறேன் என்று சொல்வதற்கு ஒரு பதில்கூட வைத்திருந்தேன். யாரும் கேட்டதில்லை.

போன ஐப்பசியில் எல்லாம் மாறிப்போனது. என் மகள் நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். அவளுடைய அலுவலகத்தில் நடந்த குலுக்கலில் அவளுக்கு இரண்டு பாஸ் விழுந்தது. நாவலூரைத் தாண்டி, சாலையிலிருந்து உள்ளே தள்ளி, புதிதாக ஒரு ரிசார்ட் கட்டியிருந்தார்கள். ஐரோப்பாவில் வெந்நீர் ஊற்று இருக்கும் சின்னச் சின்ன ஊர்கள் உண்டாம். உடம்பு வலிக்காரர்கள் அங்கே போய்க் குளித்துவிட்டு, பொடிநடையாக நடந்து, நன்றாகச் சாப்பிட்டுத் திரும்புவார்களாம். அப்படி ஓர் ஊரைக் கல் பாவிய தெருவும் மணிக்கூண்டும் சரிவான ஓட்டுக்கூரைகளுமாக இங்கே எழுப்பியிருந்தார்கள். அங்கேதான் இலையுதிர்கால வைன், உணவுத் திருவிழா. பாஸில் தங்க எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

மகளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை வந்துவிட்டது. என்னையும் அவள் அப்பாவையும் போகச் சொன்னாள். என் கணவர் பாஸை மூக்குக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய் முழுக்கப் படித்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இந்த மழையில் எந்த மரத்திலிருந்து எந்த இலை உதிரப்போகிறது என்று கேட்டார். பிறகு, தான் வீட்டிலேயே இருந்து கொடித்துணியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கணவரின் ஒரே தங்கை. கோவிலம்பாக்கத்திலிருந்து தீபாவளிப் பலகாரம் கொடுக்க வந்தவள். வந்த வேலை முடிந்து, செருப்பை மாட்டுவதற்கு எழுந்தவள் திரும்பி நின்று, "நான் வரேன் அண்ணி" என்றாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. இருபத்தேழு வருடத்தில் ஒரு முறைகூடக் குரல் உயர்த்திப் பேசியதில்லை. நல்ல நாள், கெட்ட நாள் எல்லாவற்றுக்கும் அவள் வருவாள், நானும் போவேன். அவள் என் சமையலை நன்றாக இருக்கிறது என்பாள், நான் அவள் சேலையை நன்றாக இருக்கிறது என்பேன். அவ்வளவுதான். ஒரு மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர்கள் மாதிரிதான் பழகியிருந்தோம். நாங்கள் இருவர் மட்டும் சேர்ந்து ஒரு காய்கறிக் கடைக்குக்கூடப் போனதில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். அதற்குள் மகள் இரண்டு பாஸிலும் எங்கள் பெயரை எழுதிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சேலையூரிலிருந்து பஸ் பிடித்து மேடவாக்கத்தில் இறங்கினேன். அவள் எனக்கு முன்பே வந்து பஸ் நிழற்குடையில் நின்றிருந்தாள். அரக்குப் பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரி ஒரு பருத்திச் சேலையில் போயிருந்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் தலையிலிருந்து பாதிப் பூவை எடுத்து என் தலையில் வைத்தாள். ஹேர்பின்னும் அவளே கொண்டுவந்திருந்தாள்.

சோழிங்கநல்லூரில் இறங்கி ஆட்டோ எடுத்தோம். போகிற இடத்தைச் சொன்னதும் ஓட்டுநர், "அங்க இன்னாக்கா விசேசம்? காலைலேர்ந்து ஒரே காரா போய்கினு கீது" என்றார். நான் சாப்பாட்டுத் திருவிழா என்று பாதி உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். என் நாத்தனார் தபால் நிலையத்தில் வேலை செய்பவள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து இருபத்திரண்டு வருடம் பேசிப் பேசி, அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் அவளுக்குப் பேச வரும். "வைன் குடிக்கப் போறோம்" என்றாள்.

ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். பட்டுச் சேலையையும் பூவையும் பார்த்தார். ஒரு வேகத்தடையில் வண்டியை மெதுவாக ஏற்றி இறக்கினார். பிறகு, "நல்லா துன்ட்டு குடிங்கக்கா. வெறும் வயித்துல குட்ச்சா பேஜாராய்டும்" என்றார். அன்று முழுவதும் எங்களுக்குக் கிடைத்த அறிவுரைகளில் அதுதான் உருப்படியானது.

ரிசார்ட்டின் வாசலில் ஒரு பெண் எங்கள் மணிக்கட்டில் காகிதப் பட்டை ஒட்டினாள். என் மகள் வயதுதான் இருக்கும். எங்களைப் பார்த்ததும் தானாகவே, உணவுக் கடைகள் இடது பக்கம், பழச்சாறு வலது பக்கம், உட்கார்வதற்கு நாற்காலி மணிக்கூண்டுக்குக் கீழே என்று அன்பாக வழி சொன்னாள். நாத்தனார் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "வைன் எந்தப் பக்கம்மா?" என்றாள். அந்தப் பெண் சிரிக்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டாள். கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி துணிப்பையில் ஆளுக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை கொடுத்தாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பதக்கம் மாட்டுவது போல அதை நாத்தனாருக்கு நான் மாட்டிவிட்டேன், எனக்கு அவள் மாட்டிவிட்டாள்.

உள்ளே ஊர் மாதிரிதான் இருந்தது. கல் பாவிய தெரு வளைந்து வளைந்து போனது. இரண்டு பக்கமும் கடைகள். தெரு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகத் துணியில் செய்த இலைகளைக் கொட்டியிருந்தார்கள். அது இலையுதிர்காலமாம். காலையில் பெய்த மழையில் நனைந்த அந்த இலைகள் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தன. நாத்தனார் பத்தடிக்கு ஒரு முறை நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு, காலை உதறினாள். தெருவின் கடைசியில் ஆவி பறக்க ஒரு நீளமான குளம் தெரிந்தது. அதில் ஊற்று ஒன்றும் கிடையாது, பின்னால் பாய்லர் வைத்துச் சூடு பண்ணுகிறார்கள் என்று அங்கே இருந்த காவலாளியே சொன்னார். வெந்நீர் போட்டுக் கொடுப்பதற்கு ஓர் ஊரையே கட்டியிருக்கிறார்களா என்று நாத்தனார் வியந்தாள். எங்கள் வீட்டில் கீசர் ரிப்பேராகி இரண்டு மாதம் ஆகிறது, உங்கள் அண்ணனை ஒரு நாள் இங்கே கூட்டி வந்து காட்ட வேண்டும் என்றேன் நான். அவள் சிரித்தாள். நான் சொன்ன ஒன்றுக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் கடையில் வெள்ளை வைன். ஊற்றிக் கொடுத்த இளைஞன், கோப்பையைச் சுழற்றச் சொன்னான், முகர்ந்து பார்க்கச் சொன்னான், பேரிக்காய் வாசனையும் மழையில் நனைந்த கல்லின் சுவையும் தெரிகிறதா என்று கேட்டான். நனைந்த கல்லை யார் நக்கிப் பார்த்துச் சொன்னது என்று நாத்தனார் கேட்டாள். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதற்குள் நான் குடித்துவிட்டேன்.

எலுமிச்சம்பழச் சாற்றில் சர்க்கரை போட மறந்துவிட்டு, பக்கத்தில் ஒரு கொய்யாப்பழத்தை நறுக்கி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. விழுங்கிய பிறகு தொண்டையிலிருந்து நெஞ்சு வரை ஒரு சூடு இறங்கியது. இருபத்தாறு வருடம் அம்புக்குறிக்கு வலது பக்கம் எழுதியது இதுதானா என்று தோன்றியது. நான் நினைத்திருந்ததைவிடச் சாதுவாக இருந்தது. நாத்தனார் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கஷாயம் குடித்தவள் மாதிரி முகத்தைச் சுளித்து, கோப்பையை மறுபடி நீட்டினாள்.

ஆட்டோக்காரர் சொன்னது நினைவுக்கு வந்து சாப்பிடப் போனோம். சீஸ் வைத்திருந்த கடையில் நீலக் கோடு ஓடிய ஒரு துண்டைப் பார்த்து, தம்பி, இது பூசணம் பிடித்துவிட்டது, யாருக்கும் கொடுத்துவிடாதே என்று நாத்தனார் எச்சரித்தாள். அது அப்படித்தான் இருக்கும் என்று நான் விளக்கினேன். நம்பாமல் ஒரு துண்டு எடுத்து என் வாயில் வைத்து, நான் பத்து நிமிடம் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் சாப்பிட்டாள். அதற்குப் பக்கத்தில் நாவலூர்ப் பெண்மணி ஒருவர் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய திருவிழாவில் அந்த வாணலிக்கு முன்னால்தான் கூட்டம். நெத்திலி வெள்ளை வைனுக்கு எடுப்பாக இருக்கிறது என்று நான் சொன்னபோது அவர், "நெத்திலி எதுக்குத்தான்க்கா எடுப்பா இல்ல" என்றார். மூன்று தட்டு சாப்பிட்டோம்.

சிவப்பு வைன் வேறு மாதிரி. வாழைக்காய் நறுக்கிய கையை நாக்கில் தேய்த்தது போல ஒரு துவர்ப்பு. இது தோலிலும் விதையிலும் இருக்கிற டானின், கொட்டைப் பாக்கில் இருப்பதும் இதன் சொந்தக்காரன்தான் என்று நாத்தனாருக்குச் சொல்லிக்கொண்டே திரும்பினேன். நாலடி தூரத்தில் தாடி வைத்த ஓர் ஆள், கையில் கோப்பையோடு, பேயைக் கண்டவன் போல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாடியை மனதுக்குள் நீக்கிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பு என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்.

அவன் சட்டென்று கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அதே நொடியில் நானும் என் கோப்பையை முந்தானைக்குள் மறைத்தேன். இருவரும் அப்படியே நின்றோம். அவனுடைய வைன் அவன் பேண்ட்டின் பின்பக்கம் வழிந்து தரையில் சொட்டுவது எனக்குத் தெரிந்தது. என்னுடையது என் இடுப்பில் ஜில்லென்று இறங்குவது அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"குட் ஆஃப்டர்நூன் மிஸ்" என்றான், வகுப்பில் எல்லோரும் எழுந்து நின்று பாடுகிற அதே ராகத்தில்.

"உக்காரு" என்று வாயில் வந்துவிட்டது. அங்கே உட்கார எதுவுமே இல்லை.

அவன் மனைவிதான் முதலில் சிரித்தாள். அவளுக்கு வைன் வாசனையே ஆகாதாம், நெத்திலிக்காக வந்தவள். பிறகு நாத்தனார் சிரித்தாள். அவள் சிரிப்பு தெருவின் கடைசி வரை கேட்டது. நானும் அவனும் மெதுவாகக் கோப்பைகளை வெளியே எடுத்தோம். அவன் இப்போது பெருங்குடி பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் இருக்கிறானாம். வேதியியல் சம்பந்தமான வேலையா என்று ஆவலோடு கேட்டேன். இல்லை மிஸ், மார்க்கெட்டிங் என்றான், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

நான்கு மணிக்கு மணிக்கூண்டுக்குக் கீழே வைன் எப்படி உருவாகிறது என்று ஒரு நிபுணர் பேசுவதாக இருந்தது. நாற்காலிகள் நிரம்பிவிட்டன. நிபுணர் வரவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் தண்ணீர் தேங்கி, அவருடைய கார் சிக்கிக்கொண்டது என்று விழா நடத்துகிற பெண் மைக்கில் அறிவித்தாள். பத்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்றாள். பத்து நிமிடம் கழித்து வந்து, இன்னும் பத்து நிமிடம் என்றாள். கூட்டம் சலசலத்தது. அவளுடைய முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

நாத்தனார் எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தாள் என்று எனக்குப் புரியவில்லை, கழிவறைக்குப் போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"எங்க அண்ணி கெமிஸ்ட்ரி டீச்சர். அவங்க சொல்லுவாங்க" என்றாள்.

நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் உட்காரவில்லை. கடைசி வரிசையிலிருந்து என் பழைய மாணவன் வேறு, ஆமாம், மிஸ் சூப்பராக எடுப்பாங்க என்று கத்தினான். இவன் என் வகுப்பில் ஒரு நாளாவது விழித்திருந்தானா என்று யோசிப்பதற்குள் அந்தப் பெண் மைக்கை என் கையில் திணித்துவிட்டாள். இரண்டு வைன் உள்ளே போயிருந்தது. இல்லாவிட்டால் நான் எழுந்திருக்கவே மாட்டேன், அது நிச்சயம்.

மேடையில் வைன் பாட்டில் படம் போட்ட ஒரு பலகை இருந்தது. நான் அதைப் பார்க்காமல் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உங்கள் வீட்டில் இட்லி மாவு அரைத்து வைத்தால் மறுநாள் காலை பாத்திரத்தை விட்டு வெளியே வருகிறதே, ஏன் என்று ஆரம்பித்தேன். கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் சாப்பிட்டுவிட்டு விடுகிற மூச்சுதான் மாவைப் பொங்க வைக்கிறது. திராட்சையின் தோலிலும் ஈஸ்ட் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தோல் கிழியும் வரை அது சும்மா காத்திருக்கும். பழத்தை நசுக்கினால் உள்ளே இருக்கும் சர்க்கரையைத் தின்ன ஆரம்பிக்கும். மூச்சு குமிழியாகப் போய்விடும், மீதி இருப்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது. அதைத் திறந்து போட்டுவிட்டால் இன்னொரு கூட்டம் உள்ளே புகுந்து வினிகராக்கிவிடும். அதனால்தான் இவ்வளவு மூடியும் கார்க்கும் என்றேன்.

முன் வரிசையில் ஓர் இளைஞன் கை தூக்கினான். அப்படியென்றால் இட்லி சாப்பிட்டால் ஏன் போதை ஏறுவதில்லை என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போனது. இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைகூட அதைக் கேட்டதில்லை. மாவில் வேலை செய்வதில் பெரும்பாலானவை வேறு இனம், அவை புளிப்பைத்தான் உண்டாக்கும், மீதிக் கொஞ்சநஞ்சம் இருப்பதும் இட்லித் தட்டின் ஆவியோடு போய்விடும் என்றேன். "அப்ப ஆவிய மோந்தா ஏறுமா மேடம்?" என்றான். காலை ஏழு மணிக்கு நாலு பேருக்கு இட்லி ஊற்றிவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறவளுக்கு ஏற்கெனவே தலை சுற்றிக்கொண்டுதான் இருக்கும், அதில் ஆவி எது என்று கண்டுபிடிக்க முடியாது என்று சொன்னேன். பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். வகுப்பில் எனக்கு ஒரு நாளும் கைதட்டல் கிடைத்ததில்லை. மணி அடித்தால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். இங்கே முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன், ஒருவரும் எழுந்து போகவில்லை. நிபுணர் நனைந்த சட்டையோடு நடுவிலேயே வந்து சேர்ந்து, அவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

விழாப் பெண் எனக்கு நன்றி சொல்லத் தெரியாமல் தவித்து, திராட்சை மிதிப்பதை நாங்கள் இருவரும்தான் தொடங்கி வைக்க வேண்டும் என்றாள். பெரிய மரத்தொட்டி. அதில் முழங்கால் அளவுக்குக் கறுப்புத் திராட்சை. பக்கத்தில் நான்கு பேர் பறை வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் மறுக்க நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் நாத்தனார் காலைக் கழுவிவிட்டு, பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தொட்டிக்குள் ஒரு காலை வைத்திருந்தாள்.

திராட்சை காலடியில் உடைவது எப்படி இருக்கும் என்று யாராலும் எழுதிவிட முடியாது என்று நினைக்கிறேன். முதலில் ஜில்லென்று உருண்டு நழுவும். பிறகு ஒவ்வொன்றாக பொத் பொத்தென்று விட்டுக்கொடுக்கும். விரலிடுக்கில் சதை பிதுங்கி வரும். பறை ஆரம்பித்ததும் நாங்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மிதித்தோம். விழுந்துவிடாமல் இருப்பதற்காகத்தான் பிடித்தோம், பிறகு விடவில்லை. மழை தூற ஆரம்பித்தது. யாரும் நகரவில்லை. நாத்தனாரின் பூ அவிழ்ந்து தொட்டிக்குள் விழுந்தது, அதையும் சேர்த்து மிதித்தோம். என் மாணவன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஸ்கூல் குரூப்பில் போட்டால் தொலைத்துவிடுவேன் என்று சொல்ல நினைத்து வாயைத் திறந்தால் சிரிப்புத்தான் வந்தது. மூச்சு வாங்கியது, எனக்கு ஐம்பத்திரண்டு வயது என்பது யாரோ சொன்ன செய்தி மாதிரி இருந்தது.

இறங்கியபோது முழங்கால் வரை கருநீலம். வெந்நீர்க் குளத்துக்குப் பக்கத்தில், காலை மட்டும் நனைப்பதற்கு ஒரு சின்னத் தொட்டி கட்டி, மேலே ஓடு வேய்ந்திருந்தார்கள். அங்கே போய் உட்கார்ந்து வெந்நீரில் காலை விட்டோம். மழை ஓட்டில் விழுந்து வரிசையாக ஒழுகியது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஊதா நிறமானது. நாத்தனார் குனிந்து, கால் விரலிடுக்கில் ஒட்டியிருந்த திராட்சைத் தோலை எடுத்துப் போட்டாள்.

"அண்ணி, அண்ணனுக்குப் பொண்ணு பாத்தப்ப ரெண்டு போட்டோ வந்துது" என்றாள்.

எனக்குத் தெரியாது என்றேன்.

"உங்க போட்டோவ வேணாம்னு சொன்னது நான்தான்."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடாமல் இரண்டு நாள் அடம் பிடித்தாளாம். இருந்தாலும் அவள் அண்ணன் என் படத்தைத்தான் எடுத்து வைத்துக்கொண்டாராம். ஏன் வேண்டாம் என்று சொன்னாய் என்று கேட்டேன். என் நிறமா, உயரமா, என் அப்பாவின் பேச்சா என்று என்னென்னவோ மனதில் ஓடியது.

"போட்டோ பின்னாடி எம்.எஸ்ஸி கெமிஸ்ட்ரினு எழுதியிருந்தாங்க. நான் அந்த வருசம்தான் பிளஸ் டூல கெமிஸ்ட்ரில ஃபெயில். வீட்டுக்குள்ளயும் கெமிஸ்ட்ரியானு பயந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. முதலில் அடக்கினேன், அவள் வருத்தப்படுவாளோ என்று. முடியவில்லை. நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம், ஏதாவது பாடத்தில் சந்தேகம் இருந்தால் கேள் என்று அவளிடம் போய் அன்பாகச் சொன்னதும், அவள் விருட்டென்று எழுந்து போனதும், இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நான் ஒதுங்கிக்கொண்டதும், அந்த ஒதுக்கம் இருபத்தேழு வருடம் இருந்ததும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து சிரிப்பாக வந்தது. அவளும் ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பேரும் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அக்டோபரில் எழுதிப் பாஸ் பண்ணிவிட்டேன் அண்ணி, இருநூறுக்கு எழுபது மார்க் என்று நடுவில் சொன்னாள். அதற்கும் சிரித்தோம். பக்கத்தில் கால் நனைத்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி மெதுவாக எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார்கள்.

மாணவனின் மனைவிதான் எங்களைக் காரில் ஏற்றி, மேடவாக்கம் வரை கொண்டுவந்து விட்டாள். அவன் முன் இருக்கையில் பேண்ட் நனைந்ததால் ஒரு செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து வந்தான். சோழிங்கநல்லூர் சந்திப்பில் அரை மணி நேரம் நின்றோம், இருட்டிவிட்டிருந்தது, எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை. மேடவாக்கத்தில் இறங்கியதும் நாத்தனார் கோவிலம்பாக்கம் போகிற ஆட்டோவைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அவள் தன் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, ஃபிரிட்ஜில் மாவு இருக்கிறது, தோசை ஊற்றிக்கொள்ளுங்கள், நான் அண்ணி வீட்டில் தங்குகிறேன் என்று சொல்லிவிட்டு, என்னோடு சேலையூர் பஸ்ஸில் ஏறினாள்.

கதவைத் திறந்த என் கணவர் முதலில் எங்கள் முகத்தைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். எப்படி இருந்தது என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்த இரண்டு பேரும் மறுபடி சிரிக்க ஆரம்பித்தோம். அவர் சற்று நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, ரசம் சூடு பண்ணட்டுமா என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போனார்.

காலையில் தலைவலி இருக்கும் என்று மகள் பயமுறுத்தியிருந்தாள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, பசிதான் இருந்தது. பட்டுச் சேலை திராட்சைக் கறையோடு வாளியில் ஊறிக்கொண்டிருந்ததால், நாத்தனார் என் பீரோவைத் திறந்து, அரை மணி நேரம் பிரித்துப் பிரித்துப் பார்த்து, பச்சையில் மெரூன் கரை போட்ட ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை. தாம்பரம் தபால் நிலையத்துக்கு வேலைக்குப் போகிற அவசரத்தில் தெருமுனை வரை ஓடியவள் திரும்பி, மதியம் போன் பண்ணுகிறேன் என்று கத்தினாள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

அந்தச் சேலை இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. அவளுக்கு என்னைவிட அது நன்றாக இருக்கிறது.